பாட்டியின் படமும் என் ஸ்பானிஷும்

சென்னையில் ஒரு சின்னக் கண்காட்சி. லிஸ்பனிலிருந்து வந்திருந்த ஓவியர் அம்மையார் ஒருவரின் 18 படங்கள். எல்லாம் மனிதர்கள், பெரும்பாலும் அவருடைய பாட்டியும் பாட்டி வீட்டுத் தெருவில் இருந்தவர்களும். கையேட்டைத் தமிழில் தரும் வேலை என்னிடம் வந்தது. தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, ஸ்பானிஷ் தெரியும் என்ற தைரியத்தில் போர்த்துகீசியத்திலும் கை வைத்தேன். அந்தத் தைரியம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டியின் படத்தை லிஸ்பன் விமர்சகர் ஒருவர் ‘இஷ்பந்தோசு’ என்ற அடைமொழியால் குறித்திருந்தார். ஸ்பானிஷில் அதே சொல் ‘எஸ்பந்தோசோ’. எழுத்துக்கூட மாறாது, உச்சரிப்புதான் சற்று வேறு. ஸ்பெயினில் ஒரு படத்தை அப்படிச் சொன்னால் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை என்று பொருள். நான் யோசிக்கவே இல்லை. ‘கோரமான உருவப்படம்’ என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு படத்தைப் பார்த்தால் அதுவும் ஒத்துக்கொள்வது போலத்தான் இருந்தது. சுருக்கம் விழுந்த முகம், ஒரு கண் மற்றதைவிடச் சிறிது, மடியில் தோலுரித்த முயல். கோரம்தானே என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

திறப்பு விழா அன்று அம்மையார் கையேட்டைப் பிரித்து, பாட்டி படத்துக்குக் கீழே இருந்த தமிழ் வரியில் விரலை வைத்து, “இது என்ன சொல்கிறது?” என்று கேட்டார். நான் நேர்மையாகத் திருப்பிச் சொன்னேன். “என் பாட்டியா?” என்றார். மூல வரியை வாங்கிப் படித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போர்த்துகீசியத்தில் அந்தச் சொல்லுக்கு ‘அசரவைக்கும்’ என்று பொருளாம். விமர்சகர் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். அன்று இரவு நானும் என் மனைவியும் 300 பிரதிகளிலும் ‘கோரமான’ என்பதைப் பேனாவால் அடித்து ‘அசரவைக்கும்’ என்று எழுதினோம். நூறாவது பிரதி தாண்டியதும் மனைவி, “பேசாம அந்தப் பாட்டிகிட்டயே மன்னிப்பு கேட்டிருக்கலாம்” என்றாள்.

தமிழருக்கு இது புரியாத விஷயமல்ல. நம் பழைய இலக்கியத்தில் ‘நாற்றம்’ பூவுக்கு உரியது. இன்று சாக்கடைக்கு உரியது. கல்லூரிப் பையன் “படம் பயங்கரமா இருக்கு” என்றால் டிக்கெட் எடுக்கலாம் என்று அர்த்தம். அச்சமும் வியப்பும் ஒரே வேரில் கிளைப்பவை. போர்ச்சுகல் ஒரு கிளையைப் பிடித்தது, ஸ்பெயின் மற்றொன்றைப் பிடித்தது.

அந்த இரவுக்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். உருவ ஓவியங்களைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு மொழிக்காரர்களும் பயன்படுத்தும் அடைமொழிகள் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரட்டைப் பிள்ளைகள் போல இருந்துகொண்டு எதிரெதிராகப் பேசும் சொற்கள் அதில் ஏராளம்.

ஸ்பானிஷில் ‘எக்ஸ்கிசீதோ’ என்றால் நுணுக்கமான, மிக நேர்த்தியான. ஒரு சிற்றோவியத்தையும் சொல்லலாம், நாக்கில் கரையும் இனிப்பையும் சொல்லலாம். போர்த்துகீசியத்தில் ‘இஷ்கிசீத்து’ என்றால் விசித்திரமான, ஒரு மாதிரியான. இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றுதான்: தேடி எடுக்கப்பட்டது. தேடி எடுத்தது அரிதாகத்தான் இருக்கும். அரிதானதைக் கண்டு ஒருவர் சப்புக்கொட்டுகிறார், ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார்.

நிறத்திலும் இதே வம்பு. ஸ்பானிஷ் ‘ரோஹோ’ சிவப்பு. போர்த்துகீசிய ‘ரோஷு’ ஊதா. தவக்காலத்தில் போர்ச்சுகல் தேவாலயங்களில் சிலைகளுக்கு ஊதாத் துணி போர்த்துவார்கள். சிலுவை சுமக்கும் இயேசுவின் சிலையை ஊர்வலமாகக் கொண்டுபோகும்போது அதற்கு ஊதா அங்கி உடுத்துவார்கள். அந்தக் காட்சியை வரைந்த ஓவியத்தை என்னைப் போன்ற ஸ்பானிஷ்காரன் மொழிபெயர்த்தால் இயேசு சிவப்பு அங்கியில் நடப்பார். துக்க நிறம் போய் வேறு நிறம் வந்துவிடும். கத்தோலிக்கர் யாராவது படித்தால், வழிபாட்டு முறையே தெரியாதவன் எழுதியிருக்கிறான் என்று புத்தகத்தை மூடிவிடுவார்.

சொல் எது என்பது ஒரு சிக்கல் என்றால், அது எங்கே நிற்கிறது என்பது மற்றொரு சிக்கல். தமிழில் அடைமொழி எப்போதும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும்; வேறு இடம் அதற்குத் தெரியாது. இந்த இரண்டு மொழிகளிலும் அது முன்னாலும் நிற்கும், பின்னாலும் நிற்கும், இடம் மாறினால் பொருளும் மாறும். ‘சிம்ப்ளே’ என்ற ஸ்பானிஷ் அடைமொழி உருவப்படத்துக்குப் பின்னால் நின்றால் எளிமையான படம். முன்னால் நின்றால் வெறும் படம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ‘கிராந்தே’ பின்னால் நின்றால் அளவில் பெரிய படம். முன்னால் வரும்போது ‘கிரான்’ என்று சுருங்கி, மகத்தான படம் என்று ஆகிவிடும். சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் ஒன்றுக்கும் உதவாத படத்துக்கும், உள்ளங்கை அளவே இருக்கும் அரிய படத்துக்கும் ஒரே சொல்தான். நிற்கும் இடம் மட்டும் வேறு.

‘த்ரீஸ்தே’ என்பது துயரம். ஸ்பானிஷ் நாவல் நாயகன் டான் கிஹோத்தே தனக்குச் சூட்டிக்கொள்ளும் பட்டப்பெயரில் இந்தச் சொல் ‘ஃபிகூரா’வுக்கு, அதாவது உருவத்துக்கு, முன்னால் நிற்கிறது. அதனால் துயரமான உருவம் என்ற பொருளோடு பரிதாபமான, எடுபடாத தோற்றம் என்ற எள்ளலும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. போர்த்துகீசியர்கள் இன்றும் நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டவனைப் பற்றிச் சொல்லும்போது, அவன் ‘த்ரீஸ்தே ஃபிகூரா’ ஆகிவிட்டான் என்பார்கள். கண்காட்சித் திறப்பு விழாவில் நான் ஆனது அதுதான்.

இந்த இட மாற்றம் வெறும் இலக்கண விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரியவைத்தவர் பிரேசில் ஓவியர் காந்திதோ போர்த்தினாரி. சாவோ பாவ்லோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 1944ஆம் ஆண்டு ஓவியம் ‘ரெத்திரான்ச்சிஸ்’. வடகிழக்கு வறட்சியிலிருந்து கிளம்பி வரும் ஒரு குடும்பம். தலையில் மூட்டை, எலும்பெடுத்த விலா, வீங்கிய வயிற்றோடு ஒரு பையன், வானத்தில் வட்டமிடும் கரிய பறவைகள். அவர்களை என்னவென்று சொல்வது? ‘போப்ரி’ என்ற அடைமொழியை மக்கள் என்ற சொல்லுக்குப் பின்னால் வைத்தால் காசில்லாத மக்கள். முன்னால் வைத்தால் ஐயோ பாவம் மக்கள். முதலாவது ஒரு நிலவரத்தைச் சொல்கிறது. இரண்டாவது பார்ப்பவனின் இரக்கத்தைச் சொல்கிறது. அந்தப் படத்தை முன்னால் நிற்கும் அடைமொழியோடு எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் குடும்பம் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது; உச்சுக்கொட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. போர்த்தினாரி வரைந்தது காசும் தண்ணீரும் இல்லாத மக்களை. அவர் 1962இல் இறந்தது, தான் பயன்படுத்திய வண்ணங்களில் இருந்த ஈயத்தின் நஞ்சால்.

‘உருவ’ என்ற அடைமொழியே, அவர்கள் மொழியில் ‘ஃபிகுரதீவோ’, புதிதாக முளைத்த ஒன்றுதான். அருவ ஓவியம் வராத வரைக்கும் யாரும் எதையும் உருவ ஓவியம் என்று தனியாகச் சொல்லவில்லை, ஓவியம் என்றார்கள். செல்போன் வந்த பிறகுதான் வீட்டில் இருந்த போனுக்கு ‘லேண்ட்லைன்’ என்று பெயர் வந்தது போல. 1949இல் சாவோ பாவ்லோவின் நவீன கலை அருங்காட்சியகம் திறந்தபோது முதல் கண்காட்சிக்கு வைத்த பெயரே ‘உருவத்திலிருந்து அருவத்துக்கு’ என்பதுதான். ‘இருந்து’, ‘க்கு’ என்ற இரண்டு உருபுகளும் பழையது போகட்டும் என்று சொல்லாமல் சொல்லின. தி கவல்காந்தி போன்ற ஓவியர்கள் அருவத்துக்கு எதிராக எழுதினார்கள். ஓவியத்தை விவரிக்க வந்த சொல் கட்சிக்கொடி ஆகிப்போனது.

இனி ஓவியர்களின் பெயரிலிருந்து பிறக்கும் அடைமொழிகள். ஸ்பானிஷின் தனி ருசி இதில்தான் இருக்கிறது என்பேன். பிக்காசோ என்றால் ‘பிக்காசியானோ’. கோயா என்றால் ‘கொயெஸ்கோ’. வெலாஸ்கஸ் என்றால் ‘வெலாஸ்கேன்யோ’. மூன்றுக்கும் மூன்று விகுதி. இதில் ‘ஏன்யோ’ என்பது பெரும்பாலும் ஊர்க்காரரைக் குறிக்கும் விகுதி. மத்ரித்காரர் ‘மத்ரிலேன்யோ’, மலகாக்காரர் ‘மலகேன்யோ’. எனக்கு வெலாஸ்கேன்யோ என்று கேட்கும்போதெல்லாம் வெலாஸ்கஸ் என்று ஒரு ஊர் இருப்பது போலவும், அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் பஸ் ஏறி வந்திருப்பது போலவும் தோன்றும். அகராதிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

வெலாஸ்கஸ் பெயரை எடுத்ததும் இன்னொன்று. ஸ்பெயினின் ஆகப் பெரிய உருவ ஓவியத்துக்கு, 1656இல் அவர் வரைந்த அரச குடும்பப் படத்துக்கு, இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர் ‘லாஸ் மெனினாஸ்’. ‘மெனினா’ போர்த்துகீசியச் சொல். சிறுமி என்று பொருள். இளவரசிக்குத் துணையிருந்த இளம்பெண்களை ஸ்பானிஷ் அரண்மனையில் அப்படித்தான் அழைத்தார்கள். அந்தப் பெயர் படத்துக்கு ஒட்டியது 1843இல், பிராதோ அருங்காட்சியகத்தின் பட்டியலில். அதற்கு முன் அது அரச குடும்பத்தின் படமாக இருந்தது. வெலாஸ்கஸின் தந்தைவழி முன்னோரும் போர்ச்சுகல் நாட்டவர்கள்தான். தலைப்பில் ஒரு போர்த்துகீசியச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் படத்தைப் பற்றி, போர்த்துகீசியம் தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

‘கொயெஸ்கோ’வுக்கு வருகிறேன். இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு மாதம் செலவழித்தேன். ஆந்தலூசியாவில் ரோந்தா என்ற ஊரில் ஆண்டுதோறும் செப்டம்பரில் ‘கொயெஸ்கா’ காளைச் சண்டை நடக்கும். பெத்ரோ ரொமேரோ என்ற பழைய காளை வீரர் பிறந்து 200 ஆண்டு நிறைவதை ஒட்டி 1954இல் தொடங்கியது. வீரர்கள் கோயா காலத்து உடையில் வருவார்கள். பெண்கள் கூந்தலில் வலையும் சரிகையும் அணிந்து குதிரை வண்டியில் பவனி வருவார்கள். கோயா இளம் வயதில் அரண்மனைத் திரைச்சீலைகளுக்காக வரைந்த உல்லாசப் படங்கள் இருக்கின்றனவே, குடை பிடித்த பெண், கண்ணைக் கட்டி விளையாடுகிறவர்கள், அந்த உலகம் அது. அங்கே கொயெஸ்கோ என்றால் திருவிழா.

அதே சொல்லை இன்னொரு ஸ்பானியர் போரில் சிதைந்த உடல்களைப் பார்த்துவிட்டுச் சொல்வார். 1808இல் நெப்போலியன் படை நுழைந்த பிறகு கோயா செதுக்கிய போர் அவலப் படங்கள் வேறு உலகம். காது கேளாமல் போன கிழவராக மத்ரித் ஓரத்து வீட்டின் சுவர்களில், யாரும் கேட்காமல், யாருக்கும் விற்க நினைக்காமல் அவர் தீட்டிய 14 கருப்பு ஓவியங்கள் அதற்கும் அப்பால். தன் பிள்ளையைக் கடித்துத் தின்னும் சனி தேவன் அவற்றில் ஒன்று. அதுவும் கொயெஸ்கோதான். சரிகை தைத்த பாவாடைக்கும் பிள்ளைக்கறிக்கும் ஒரே அடைமொழி! எழுதியவர் எந்தக் கோயாவை மனதில் வைத்திருந்தார் என்பது பக்கத்து வாக்கியத்தைப் பார்த்தால்தான் தெரியும். ‘கோயா பாணியிலான’ என்று தமிழில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டால் வாசகருக்குக் கிடைப்பது சூன்யம். திருவிழா என்றோ கொடுங்கனவு என்றோ மொழிபெயர்ப்பவர் துணிந்து சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கோபம் வரவழைக்கும் அடைமொழி ஒன்றும் உண்டு: ‘இப்பர்ரெயலிஸ்தா’, மிகை யதார்த்த. அச்சு அசலாக இருக்கும் எந்தப் படத்தின் மேலும் இதைக் குத்திவிடுகிறார்கள். ஸ்பெயினில் தொமெயோசோ என்ற ஊரில் 1936இல் பிறந்த ஓவியர் அந்தோனியோ லோபஸின் மேலும் இந்த முத்திரை குத்தப்பட்டது. அவர் வேலை செய்வதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இயக்குநர் விக்தோர் எரிஸே 1992இல் வெளியிட்ட ‘எல் சோல் தெல் மெம்ப்ரீயோ’ திரைப்படத்தைப் பார்க்கலாம். வீட்டு முற்றத்தில் ஒரு சீமை மாதுளை மரம். லோபஸ் அதன் எதிரே தூக்குக்குண்டு நூல் கட்டுகிறார். தினமும் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத் தன் பாதங்களின் நுனி இருக்கும் இடத்தில் தரையில் ஆணி அடிக்கிறார். பழங்களின் மேலும் இலைகளின் மேலும் தூரிகையால் வெள்ளைக் கோடு இழுக்கிறார். நாள் போகப் போகப் பழம் கனத்துக் கிளை தாழ்கிறது, கோடு இறங்குகிறது, படத்தை மாற்றுகிறார். மழை வருகிறது. கடைசியில் எண்ணெய் வண்ணப் படத்தைக் கைவிட்டுவிட்டுப் பென்சிலை எடுக்கிறார். அதற்குள் பழங்கள் விழத் தொடங்கிவிடுகின்றன. மிகை எங்கே இருக்கிறது இதில்? ஒரு பழத்தோடு போட்டியிட்டுத் தோற்கும் மனிதர் இருக்கிறார். ஸ்பெயின் மன்னர் குடும்பத்தின் படத்தை 1994இல் தொடங்கி 2014இல்தான் கொடுத்தார். 20 ஆண்டுகளில் படத்தில் இருந்தவர்களின் வாழ்க்கையே மாறிவிட்டது, மன்னர் முடி துறந்துவிட்டார். அவரை யதார்த்தவாதி என்றால் போதும். ‘மிகை’ என்பது பார்த்துச் சொன்ன சொல்லாக எனக்குப் படவில்லை.

ஆணி என்றதும் நினைவுக்கு வருகிறது. தகப்பனைப் போலவே இருக்கும் பிள்ளையை ஸ்பெயினில் ‘க்ளவாதோ’ என்பார்கள்: ஆணி அடித்தது போல. போர்த்துகீசியர்கள் ‘துப்பியது, காறியது’ என்பார்கள். நாம் உரித்து வைத்தது போல என்கிறோம். மூன்றில் எதுவும் மென்மையான வேலை இல்லை. சினிமா பேனர் எழுதிய என் அப்பா ‘தத்ரூபம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. எம்.ஜி.ஆர். முகம் சரியாக வரவில்லை என்றால் “முகம் உட்காரலடா” என்பார். வந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், பீடி பற்றவைப்பார். நம் பத்திரிகைகளின் ஓவியக் கட்டுரைகளில் தத்ரூபம், உயிரோட்டம், கண்ணைக் கவரும் என்ற மூன்றும் மாறி மாறி வரும்போது அப்பாவை நினைத்துக்கொள்வேன்.

முகம் உட்காராமல் போன கதை ஒன்று சொல்கிறேன். ஸ்பெயினின் சரகோசா மாகாணத்தில் போர்ஹா என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு வழிபாட்டுத் தலத்தின் சுவரில், முள்முடி தரித்த இயேசுவை எலியாஸ் கார்சியா மார்த்தினேஸ் என்பவர் வரைந்திருந்தார். ‘எக்கே ஹோமோ’ என்ற வகைப் படம். லத்தீனில் ‘இதோ மனிதன்’. ஈரத்தில் வண்ணம் உதிர்ந்துகொண்டிருந்தது. 2012இல் செசிலியா ஹிமேனெஸ் என்ற 80 வயது தாண்டிய பக்தை தானே தூரிகை எடுத்துச் செப்பனிட்டார். விளைவு உலகமே அறிந்தது: இயேசுவின் முகம் குரங்கு முகம் போல ஆகிவிட்டது. ஹோமோவை ‘மோனோ’ என்று மாற்றி ‘இதோ குரங்கு’ என்று கேலி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்பெயினில் மோனோ என்பதே அடைமொழியாக வரும்போது ‘செல்லமான, அழகான’ என்று பொருள். குழந்தைக்குச் சட்டை போட்டுப் பார்த்துச் சொல்வார்கள். போர்ச்சுகலில் அதே மோனோ, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் நகராட்சி வண்டிக்காகத் தெருவில் இறக்கி வைக்கும் ஓட்டைக் கட்டிலும் பழைய சோபாவும். குரங்கு, செல்லம், ஓட்டைக் கட்டில்: அந்தப் படம் மூன்று பட்டத்தையும் தாங்கும். பிறகு ஆட்கள் காசு கொடுத்துப் பார்க்க வரிசையில் நின்றார்கள். அந்தக் கிழவியையும் அவர் படத்தையும் சொல்ல நான் தேர்ந்தெடுக்கும் ஸ்பானிஷ் அடைமொழி ‘என்த்ரன்யாப்ளே’. ‘என்த்ரன்யாஸ்’ என்றால் குடலும் ஈரலும். அங்கே போய் ஒட்டிக்கொள்கிற பிரியத்துக்குரியது என்று பொருள். ‘அன்பான’ என்று தமிழில் எழுதினால் குடல் போய்விடுகிறது. நான்கு ஆண்டாக நல்ல சொல் தேடுகிறேன். ‘வயிற்றுக்கு நெருக்கமான’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். சாப்பாட்டுக்கடை விளம்பரம் போல இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடைமொழி தேட வேண்டும் என்றும் இல்லை. போர்ச்சுகல் ஓவியர் பவுலா ரேகோவின் ‘நாய்ப் பெண்’ படத்தை (1994) போர்த்துகீசியர் இஷ்கிசீத்து எனலாம், பொருத்தமாகவே இருக்கும். ஆனால் 1998இல் போர்ச்சுகலில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தும் வாக்கெடுப்பு தோற்றபோது ஆத்திரத்தில் அவர் பேஸ்டலில் வரைந்த பெண்கள் வேறு. வாளியும் கட்டிலும் இருக்கும் அறையில் கால்களை மடக்கிக் கிடக்கிறார்கள். சிலர் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். அந்தப் படங்களுக்கு அவர் தலைப்பே வைக்கவில்லை. 2007இல் இரண்டாம் வாக்கெடுப்பில் சட்டம் மாற வழி பிறந்தது. அவற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது, விமர்சகர் ஒரே வரியில் அடுக்கிய ஐந்து அடைமொழிகளையும் முறையாகத் தமிழில் கொடுத்தேன். ஒன்றுகூட அந்த வாளியின் அருகே போகவில்லை.

ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, துவாலை, ஏலம் என்று போர்த்துகீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொற்கள் நிறைய. யோசித்துப் பாருங்கள், எல்லாம் பெயர்ச்சொற்கள். பொருள் கப்பலில் வந்து இறங்கும். அடைமொழி அப்படி வராது. அதைப் பேசுகிற ஊரில் போய், பேசுகிறவர் வாயிலிருந்து வாங்க வேண்டும். ஸ்பானிஷ், போர்த்துகீசிய எழுத்துகளில் பெரும்பகுதி இன்றும் ஆங்கிலம் வழியாகத்தான் தமிழுக்கு வருகிறது. கதை அந்தப் பயணத்தில் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். ஓவியம் பற்றிய எழுத்தில் உயிர் அடைமொழியில் இருக்கிறது, அது பிழைப்பதில்லை. முன்னால் நின்றதா பின்னால் நின்றதா என்பது ஆங்கிலத்தில் ஏறும்போதே அழிந்துவிடுகிறது.

பதிப்பாளர்களுக்கும் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூலத்திலிருந்தே மொழிபெயர்க்கச் செய்யுங்கள். படத்தையும் அனுப்புங்கள்; வரியை மட்டும் அனுப்பாதீர்கள். போர்த்துகீசியத்துக்கு, “ஸ்பானிஷ் தெரியும், சமாளித்துவிடுவேன்” என்று வருகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அந்த ஆள் நானாக இருந்தாலும் சரி.